கைவிசைக்குச் செவிசாய்க்கும் பெட்டி

மேலைநாட்டு இசையைக் கேட்டுப் பழகிய நேயர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருப்பார்கள். மின்கிற்றாரின் தந்தியொன்று மீட்டப்படுகிறது. எழும் ஒலியோ தந்தியின் ஒலியாக நில்லாது, யாரோ ஒருவர் வாய் திறந்து "உவா" என்றது போலக் கேட்கிறது. மெல்ல மீட்டினால் அந்த வாய் சிறிதே திறக்கின்றது. அழுத்தி மீட்டினால் அகலத் திறக்கின்றது. இவ்வேலையைச் செய்வது வாசிப்பவரின் காலடியிற் கிடக்கும் ஓர் உலோகப் பெட்டி. ஆங்கிலத்தில் அதற்கு 'என்வலப் பில்ற்றர்' என்று பெயர். என்வலப் என்றதும் நமக்கு அஞ்சல் உறைதான் நினைவுக்கு வரும். இங்கே உறை என்பது ஒலியின் புறவடிவம். தந்தியை மீட்டியவுடன் ஒலி சட்டென உயர்ந்து, சிறிது நின்று, படிப்படியாகத் தேய்ந்து மறைகின்றதல்லவா? அந்த எழுச்சியையும் தேய்வையும் தாளில் ஒரு கோடாக வரைந்தால் கிடைப்பதே உறை. ஆதலின் இக்கருவியை 'உறை வடிகட்டி' என்று நாம் அழைக்கலாம்.

வடிகட்டி என்ன செய்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள மின்னியல் நூலைத் திறக்க வேண்டியதில்லை. நம் வாயே போதும். ஒரே சுருதியில் நின்று "உ" என்று தொடங்கி, நிறுத்தாமல் "ஆ" என்று முடித்துப் பாருங்கள். தொண்டையிலிருந்து வரும் ஒலி மாறவில்லை. மாறியது வாயின் வடிவம் மாத்திரமே. அகர ஆகாரங்கள் வாய் திறத்தலாலும், உகரமும் அதன் இனமும் இதழ் குவிதலாலும் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைத்தது இதனையே. தொண்டையொலியில் அடிப்படைச் சுரத்தோடு பல மேற்றொனிகளும் கலந்து வருகின்றன. இதழ் குவிந்தால் உயர்ந்த மேற்றொனிகள் அடங்கிவிடுகின்றன. வாய் திறந்தால் அவை வெளிப்படுகின்றன. கருநாடக இசைக் கச்சேரியில் மோர்சிங் கேட்டவர்களுக்கு இது புதிதன்று. மோர்சிங்கின் நாக்குக்குச் சுருதி ஒன்றே. வாசிப்பவர் தம் வாயை வடிகட்டியாக்கி, அவ்வொரு சுருதியிலிருந்தே பல நிறங்களை எடுக்கின்றார். உறை வடிகட்டியை மின்னாலமைந்த வாய் எனக் கொண்டால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

அந்த வாயைத் திறந்து மூடுவது யார்? முதலிற் காலே திறந்து மூடியது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தோமஸ் ஓகன் நிறுவனத்திலே பிராட் பிளங்கெற் என்னும் இளம் பொறியியலாளர், ஓகன் வாத்தியத்தின் மிதிபலகையொன்றிற் பொருத்திப் பார்த்த சுற்றிலிருந்து 'வா-வா' மிதி பிறந்தது. பாதத்தை முன்னே சாய்த்தால் ஒலி கூர்மையாகும். பின்னே சாய்த்தால் மங்கும். கைக்குத் தாளம் ஒன்று, காலுக்குத் தாளம் இன்னொன்று என்றாயிற்று.

காலை விடுவித்துக் கையே அவ்வேலையையும் செய்யுமாறு அமைத்தவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் மைக் பைகல். கில்ட் என்னும் கிற்றார் நிறுவனத்துக்காக அவர் வகுத்த மின்னிசைக் கருவித் திட்டம் கைவிடப்பட்டது. அத்திட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, ஏரன் நியூமன் என்பவரோடு சேர்ந்து மியூசிற்றோனிக்ஸ் நிறுவனத்தின் மூலம் 1972இல் 'மியூ-ற்றோன் 3' என்ற பெட்டியை வெளியிட்டார். உடைந்த திட்டத்தின் துண்டொன்று முழுத் திட்டத்தையும் விடப் புகழ்பெற்றது.

அதன் உள்ளமைப்பு அழகானது. கிற்றாரிலிருந்து வரும் மின்குறி பெட்டிக்குள் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வடிகட்டியினூடாகச் செல்கின்றது. மற்றக் கிளை எவர் செவிக்கும் எட்டுவதில்லை. அது அளக்கப்படுவதற்கே பிரிக்கப்பட்டது. முன்னும் பின்னும் ஆடும் அக்குறியை இருவாயிகள் ஒரு திசைப்படுத்துகின்றன. கொள்ளளவி அதன் விரைந்த நடுக்கத்தை ஆற்றிவிடுகின்றது. எஞ்சுவது மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும் ஒரு மின்னழுத்தம். அதாவது, நாம் தாளில் வரைந்த அந்த உறை. மியூ-ற்றோனில் இவ்வழுத்தம் ஒரு சிறு விளக்கை ஏற்றுகின்றது. வெளியொளி புகாத கூட்டுக்குள், அவ்விளக்குக்கு எதிரே ஒளியுணர் தடையிகள் இருக்கின்றன. விளக்குப் பிரகாசித்தால் தடை குறையும். தடை குறைந்தால் வடிகட்டியின் வாய் திறக்கும். ஒளி குன்றியதும் தடையிகள் உடனே பழைய நிலைக்கு மீள்வதில்லை. சற்றுத் தயங்கியே மீளும். வாய் மூடும்போது கேட்கின்ற அந்தக் குழைவுக்கு இத்தயக்கமும் ஒரு காரணம். பின்னர் வந்த பெட்டிகள் பலவற்றில் விளக்கில்லை. இக்காலத்தில் இலக்கமுறைப் பெட்டிகளும் உள. தத்துவம் ஒன்றே.

கேட்டறிய விரும்புவோர் ஸ்டீவி வொண்டர் 1973இல் வெளியிட்ட 'ஹயர் கிரவுண்ட்' பாடலைக் கேட்கலாம். அதில் இப்பெட்டியினூடாக வருவது கிற்றாரன்று, கிளவினெற் என்னும் விசைப்பலகை வாத்தியம். பேஸ் கிற்றாரில் இதனைத் தம் முத்திரையாக்கியவர் பூட்சி கொலின்ஸ். கிற்றாரில் ஜெரி கார்சியா 1977இல் வெளிவந்த 'எஸ்ரிமேற்றட் புரொபற்' பாடலில் வாசித்திருப்பது தனிச்சுவை. அப்பாடல் ஏழு எண்ணிக்கையில் நடப்பது. மிஸ்ரசாபு பழகிய செவிக்கு அந்நியமாக இராது.

இனி, பயன்படுத்தும் முறை. இப்பெட்டியை விலைகொடுத்து வாங்கும் இளைஞர் பலர் ஓரிரு வாரங்களிலே மனம் சலித்துவிடுகின்றனர். "ஒன்றும் நிகழவில்லை" என்பார் சிலர். "எப்படி வாசித்தாலும் ஒரே வாத்துக் கத்தல்" என்பார் வேறு சிலர். இரண்டுக்கும் மூலம் ஒன்றே. பெட்டி கைவிசையை அளந்து இயங்குவது. எவ்வளவு விசைக்கு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை முதலில் அதற்கு உணர்த்த வேண்டும். அதற்கென்றே உணர்திறன் குமிழ் இருக்கின்றது. நீங்கள் வழக்கமாக மீட்டும் விசையில் ஒரு தந்தியைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டு, குமிழைக் கீழிருந்து மெல்ல மேலேற்றுங்கள். நடுத்தர விசைக்கு வாய் பாதி திறந்து, அழுத்திய விசைக்கே முழுதும் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலேற்றினால் மெல்லிய தொடுகைக்கும் வாய் முழுதும் திறந்துவிடும். பிறகு எல்லாச் சுரமும் ஒரே கத்தல்தான். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர், தமது பெட்டி பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு என்னிடம் காட்டினார். நான் கலைப் பட்டதாரி. மின்சுற்றைத் திறந்து பார்க்கும் துணிவு எனக்கில்லை. ஆயினும், கிற்றாரின் ஒலியளவுக் குமிழ் பாதியில் நின்றதைக் கண்ணாற் காண முடிந்தது. அதனை முழுதும் திருப்பியதும் பெட்டி பேசிற்று. வாத்தியத்தின் ஒலியளவைக் குறைத்தால் பெட்டியின் செவியையும் பாதி அடைத்தவர்களாகின்றோம்.

பரிவைக் கூட்டும் குமிழ் ஒலிக்குக் கூர்மை தருவது. அதனை அளவோடு வைப்பதே நன்று. சில பெட்டிகளில் திசை மாற்றும் ஆளியும் உண்டு. அதனைக் கீழ்நோக்கி வைத்தால் மீட்டியவுடன் வாய் மூடிக்கொண்டு, ஒலி தேயத் தேயத் திறக்கும். மெதுவான நடைக்கு அது பொருந்தும். விரைவு நடையில் குழம்பும்.

பேஸ் கிற்றாருக்குத் தனிக் கவனம் வேண்டும். கிற்றாரின் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்வது. நாற்றந்திப் பேஸின் தாழ்ந்த தந்தியோ 41 முறையே அதிர்வது. கிற்றாருக்கு இனிக்கும் வடிகட்டி வகை பேஸின் அடித்தளத்தை அரித்துவிடக்கூடும். மேடையில் நிற்பவருக்கு வேடிக்கையாகக் கேட்டாலும் சபையில் இருப்பவருக்குப் பாட்டின் தரையே இல்லாமற் போகும். ஆதலின் பேஸ் வாசிப்பவர் தாழ்ந்த ஒலிகளை விடுத்து உயர்ந்தவற்றை மட்டும் அடக்கும் வகையைத் தெரிவு செய்யவேண்டும். அல்லது வடிகட்டாத ஒலியையும் கலந்து தரும் பெட்டியை வாங்கவேண்டும்.

பல பெட்டிகளைத் தொடராக இணைப்பவர்கள் உறை வடிகட்டியைக் கிற்றாருக்கு அண்மையிலே வைப்பது பொதுவழக்கம். மெலிந்ததையும் மிகுந்ததையும் சமனாக்கும் 'கொம்பிரசர்' பெட்டி முன்னே இருந்தால், அளப்பதற்கு வேறுபாடே எஞ்சாது. கரகரப்பூட்டும் 'பஸ்' பெட்டியும் விசை வேறுபாட்டைக் குறைப்பதே. எனினும் அது மேற்றொனிகளை அள்ளிக் கொட்டுவதால் அதனை முன்னே வைத்து மகிழ்பவர்களும் உண்டு. செவிதான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

மின்வழங்கலில் அசட்டை கூடாது. பெரும்பாலானவை 9 வோல்ற்று நேரோட்டத்தில், செருகியின் நடுமுனை மறையாக இருக்க இயங்குவன. ஆனால் முதல் மியூ-ற்றோனுக்கு 9 வோல்ற்று மின்கலங்கள் இரண்டு வேண்டியிருந்தன; 24 வோல்ற்றுக் கேட்பனவும் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் பெட்டியோடு வரும் மின்மாற்றி, அந்நாட்டு 120 வோல்ற்றுக்கு மட்டும் அமைந்ததாக இருக்கலாம். நம் வீட்டுச் சுவரில் ஓடுவது 230 வோல்ற்று. செருகுமுன் அதன் முதுகில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள்.

ஒரே குழுவிற் கிற்றாரும் பேஸும் இவ்வாறு ஒருங்கே "உவா" என்று பேசத் தொடங்கினால், இருவர் சேர்ந்து பேச ஒருவர் சொல்லும் விளங்காத நிலை ஏற்படும். அவ்வேளையில் பேஸ் பேசட்டும். கிற்றார் வாசிப்பவர் தம் ஆளியை ஒருமுறை மிதித்து, வெறுந் தந்தியொலிக்குத் திரும்பிக்கொள்ளலாம்.