மதிப்பீடும் பட்டியலும்

பிரித்தானியாவில் வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் வழங்கப் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. எந்த நிறுவனத்தை நாடினால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் எனக் கணித்துரைக்கும் ஒப்பீட்டுச் சேவைகளும் அங்குண்டு. அவற்றை நம்பி நிறுவனம் மாறியோர் சிலர், ஆண்டிறுதியிற் பட்டியலைக் கண்டு திகைக்கின்றனர். சொல்லிய சேமிப்பு எங்கே போயிற்று?

கூட்டலிற் பிழையில்லை, கணக்கின் அடிப்படையே வேறு. தம் வீட்டு உபயோகத்தை அறியாதவருக்குப் பெரும்பாலும் ஒரு சாதாரண குடும்பத்தின் உபயோகமே கொள்ளப்படும். எரிசக்தித் துறையை மேற்பார்வை செய்யும் ஒவ்ஜெம், 2023ஆம் ஆண்டில் அதனை ஆண்டுக்கு மின்சாரம் 2,700 அலகு, எரிவாயு 11,500 அலகு என வகுத்தது. கட்டணமோ இரு கூறுடையது: நாள்தோறும் ஏறும் நிலைக்கட்டணம் ஒன்று, அலகுக்குரிய விலை மற்றொன்று.

ஓர் உதாரணம் காண்போம். புதிய நிறுவனம் மின்சார அலகுக்கு 2 பென்ஸ் குறைத்து, நிலைக்கட்டணத்தை நாளொன்றுக்கு 10 பென்ஸ் கூட்டுகிறதென்க. 2,700 அலகுக்கு 54 பவுண் குறையும். நிலைக்கட்டணத்தில் 36½ பவுண் ஏறும். மிச்சம் 17½ பவுண். தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் 1,500 அலகே செலவிடுவாராயின், குறைவது 30 பவுண்; ஏறுவதோ அதே 36½. சேமிப்பென எண்ணியது 6½ பவுண் நட்டமாகும்.

அன்றியும், குளிர் மிகுந்தால் உபயோகம் பெருகும். நிலையான விலைக்கு ஒப்பந்தம் செய்யாவிடின் இடையில் விலையும் ஏறலாம். மீற்றரை வாசியாது உத்தேசமாகப் பட்டியல் அனுப்புவதும் உண்டு.

ஆதலின், ஒப்பிடுமுன் கடந்த ஓராண்டுப் பட்டியல்களை எடுத்து, உண்மையிற் செலவான அலகுகளைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். அயல்வீட்டு மரக்காலால் நம் வீட்டு நெல்லை அளத்தல் தகாது.