யாருடைய சாலை? ஓர் ஒப்பந்தப் பிரதியை முன்வைத்து

ஓசூரிலிருந்து போன பேருந்து கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஊர்ந்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவர் கேட்டார்: "ஏப்பா, இந்த ரோடு சர்க்காருதா, கம்பெனிக்காரனுதா?" சர்க்காருதுதாங்க என்றேன். "அப்பறம் கம்பெனிக்காரன் எதுக்குக் காசு வாங்கறான்?" என்னிடம் உருப்படியான பதில் இல்லை. 'தனியார்மயம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அந்தச் சொல் அவருடைய கேள்விக்குப் போதாது. சாலை விற்கப்படவில்லை, நிலம் அரசினுடையதுதான். அப்படியானால் கைமாறியது என்ன? இதைத் தெரிந்துகொள்ள ஒப்பந்தத்தையே ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய முறை நமக்குத் தெரியும். துறைப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார். டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. முடித்த வேலையை அளந்து எழுதினால் பில் பாஸாகும். கமிஷன் எந்தெந்த மேசையில் நின்று போகும் என்பதும் ஊரறிந்த விஷயம். ஆனாலும் பணம் பட்ஜெட்டிலிருந்து வந்தது. அவையில் எழுந்து கணக்குக் கேட்க முடிந்தது. 1995-இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தைத் திருத்தி, தனியார் சாலை போட்டுக் கட்டணம் வசூலிக்க வழிசெய்தார்கள். முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் நாம். அந்தச் சொல் இப்போது வேறு அர்த்தத்தோடு திரும்பியிருக்கிறது. அரசனின் சுங்கம் வரி. இன்றைய சுங்கம் அடமானம்: வருங்கால வசூலைக் காட்டித்தான் இன்று கடன் வாங்குகிறார்கள்.

இதற்குப் பெயர் 'கட்டி, நடத்தி, ஒப்படைத்தல்', சுருக்கமாக பி.ஓ.டி. கம்பெனி கடன் வாங்கிச் சாலை போடும். இத்தனை ஆண்டு என்று வசூலிக்கும். பிறகு திருப்பித் தரும். ஓசூர்–கிருஷ்ணகிரி சாலை சுமார் 60 கிலோமீட்டர், ஏற்கெனவே நான்குவழி. அதை ஆறுவழியாக்கும் உரிமை 24 ஆண்டுகளுக்கு ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் குழுமத்துக்குத் தரப்பட்டு, 2011-இல் வசூல் தொடங்கியது. 2006-இல் ஒப்புதலான ஆறுவழித் திட்டத்தின் விசேஷமே இதுதான். வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தொடங்கும் நாளிலிருந்தே வசூலிக்கலாம். வரப்போகும் இரண்டு வழிகளுக்கு, இருக்கிற நாலு வழியில் போகிறவனே முன்பணம் கட்டுகிறான். இத்தகைய திட்டங்களுக்குக் கடன் கொடுத்தவற்றில் பொதுத்துறை வங்கிகளே அதிகம். அதுவும் நம் சேமிப்புதான். இதற்குத் 'தனியார் முதலீடு' என்று பெயர்.

இந்த முறைக்கான மாதிரி ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. எதிர்பார்த்த வாகனப் போக்குவரத்து 1 விழுக்காடு குறைந்தால் ஒப்பந்தக் காலம் 1.5 விழுக்காடு நீளும், உச்சவரம்பு 20. போக்குவரத்து 1 விழுக்காடு கூடினால் காலம் 0.75 விழுக்காடு மட்டுமே குறையும், உச்சவரம்பு 10. கவிதையில் ஒரு அசையைத் தேடிப் பிடிக்கும் நாம் இந்தத் தசமப் புள்ளியையும் கவனிக்க வேண்டும். நட்டம் முழு எடையிலும் லாபம் அரை எடையிலும் நம்மிடம் வந்து சேர்கிறது. கட்டணமோ 2008 விதிகளின்படி ஆண்டுக்கு 3 விழுக்காடு கட்டாயம் ஏறும். மொத்த விலைவாசி உயர்வில் 40 விழுக்காடு அதன்மேல். ஒப்பந்தம் முடிந்து சாலை அரசிடம் வந்ததும் கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்றும் அதே விதிகளில் இருந்தது. 2023 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது.

பி.ஓ.டி.க்கு ஆள் வராமல் போனபோது, 2016-இல் 'ஹைப்ரிட் ஆன்யுட்டி' வந்தது. செலவில் 40 விழுக்காட்டை வேலை நடக்கும்போதே அரசு தவணையாகத் தரும். மீதி 60-ஐக் கம்பெனி புரட்டும். அரசு அதை 15 ஆண்டுகளில் வட்டியோடு அடைக்கும். சுங்கம் அரசுக்கு. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கம்பெனிக்குக் கவலை இல்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலிருந்து ஜிட்டாண்டஹள்ளி வரையிலான தேசிய நெடுஞ்சாலை 844 நான்குவழி வேலை இந்த முறையில்தான். மூன்றாவது முறையில், போட்டு முடித்த சாலையின் வசூலையே மொத்தமாக ஏலம் விடுகிறார்கள். 2018-இல் ஆந்திரா, குஜராத்தில் ஒன்பது சாலைகளின் 30 ஆண்டு வசூலை 9,681 கோடி ரூபாய்க்கு ஆஸ்திரேலியாவின் மக்குவாரி எடுத்தது. முறைகள் மாறுகின்றன; இழப்பு யார் தலையில் விழும் என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை.

இந்தப் பிரதியில் பேசுபவர்கள் அரசும் கம்பெனியும் வங்கியும். சூளகிரியில் சாலைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர், ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரி, ஷிஃப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து நடந்து வரும் பெண் எவரும் இதில் கையெழுத்திடவில்லை. கார் இல்லாதவனுக்குச் சுங்கம் இல்லை என்பதும் பொய். 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் எழுந்த வழக்கு அதைக் காட்டியது: தென்மாவட்டச் சாவடிகள் நான்குக்கு மட்டும் அரசுப் பேருந்துக் கழகங்கள் வைத்திருந்த பாக்கி சுமார் 276 கோடி.

எங்கே சுரங்கப்பாதை, எங்கே சர்வீஸ் ரோடு என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் 'அட்டவணை பி'யில் இருக்கும். அதில் இல்லாத ஒன்றைப் பிறகு கேட்டால் அது 'வேலை மாற்றம்'. பெருஞ்செலவென்றால் அரசு தனியாகக் காசு தர வேண்டும். ஆள் அடிபட்டு, மறியல் நடந்து, மனு கொடுத்தும் பாலம் வராமல் ஆண்டுகள் போவதற்கு அதிகாரிகளின் அலட்சியம் மட்டும் காரணமல்ல. அந்தக் கிராமத்தின் குறுக்குப்பாதை பிரதியில் எழுதப்படவே இல்லை.

நமது எதிர்ப்பு பெரும்பாலும் சாவடி எழும்பிய பிறகு தொடங்குகிறது. அப்போது கையெழுத்துகள் காய்ந்திருக்கும். நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தால் ஆட்சேபிக்க 21 நாள் இருக்கிறது. டெண்டர் ஆவணத்தில் அட்டவணை பி இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். "நம்ம ஊரு பாதை இதுல எங்கப்பா இருக்கு?" என்று அந்தப் பெரியவர் கேட்பார். டெண்டர் முடிவதற்குள் கேட்கப்பட்டால் அந்தக் கேள்விக்கு விலை குறைவு.