கைப்பையும் கட்டுத் துணியும்

பள்ளி திறந்த இரண்டாவது வாரம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலைச் சபைகூடலுக்கு வராமல் வகுப்பறைக் கதவோரம் ஒதுங்கி நின்றான். அருகில் போய்ப் பார்த்தேன். வலது காலணியின் அடிப்பாகம் வாய் பிளந்து கிடந்தது. அதை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தான். "நடந்தா சத்தம் வருது டீச்சர், எல்லாரும் சிரிப்பாங்க" என்றான்.

மறுநாள் அவன் தாயாரை அழைத்திருந்தேன். அவர் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் தோளில் பெயர் பெற்ற ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. விலை 1,300 வெள்ளி. ஆறு மாதத் தவணை, மாதம் 217 வெள்ளி. தம்பியின் காலணி "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று இரண்டு மாதமாகத் தள்ளிப் போயிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன சொல் என் வாயை அடைத்துவிட்டது. "வேலையில எல்லாரும் நல்ல பை வச்சிருக்காங்க டீச்சர். நான் துணிப்பை கொண்டு போனா, எஸ்டேட்டு ஆளுன்னு ஒரு மாதிரியா பாக்குறாங்க."

வாசகத் தாய்மார்களே, சகோதரிகளே! இந்தச் சொல்லை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

என் தாயார் பால்மரம் சீவியவர். வேலைக்குப் போகக் கைலியும் நீளக்கைச் சட்டையும் தலைத்துண்டும்தான் உடுப்பு. மாதம் ஒருமுறை ரவாங் டவுனுக்குச் சாமான் வாங்கப் போவார். கையில் பிளாஸ்டிக் கூடை இருக்கும். அதே கடைக்குக் கிராணியார் மனைவி கைப்பையோடு வருவார். அவருக்கு "வாங்கம்மா, உக்காருங்க" என்று உபசாரம். என் தாயாருக்கு "என்னா வேணும்?" என்ற ஒரே கேள்வி. ஒரு தீபாவளிக்கு அம்மா பசார் மாலாமில் 12 வெள்ளி கொடுத்து ஒரு கறுப்புக் கைப்பை வாங்கினார். கோயில் திருவிழாவுக்கும், என் தேர்வு முடிவு வந்த நாளுக்கும், நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த நாளுக்கும் அந்தப் பைதான். பதினைந்து ஆண்டுகள் வைத்திருந்தார்.

ஆகவே, தோட்டத்துப் பெண் ஒருத்தி நல்ல பைக்கு ஆசைப்படுவது குற்றம் என்று நான் எழுத வரவில்லை. எதை முதலில் வாங்குவது, எந்தப் பணத்தில் வாங்குவது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

இன்று பெயர் பெற்று விளங்கும் பைகளின் பிறப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எர்மேஸ் நிறுவனம் 1837-இல் பாரிஸ் நகரில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. லூயி வுய்த்தோன் 1854-இல் பயணப் பெட்டி செய்யும் கடையாகத் தொடங்கியது. கோச் நிறுவனம் 1941-இல் நியூயார்க்கில் ஒரு சிறு தோல் பட்டறையாகத் தொடங்கியது. எல்லாமே கைத்தொழிலாளர் உழைப்பில் வளர்ந்தவை. பிரயாணத்தில் உடையாத பெட்டி, குதிரை இழுத்தாலும் அறாத வார், இவைதாம் அவற்றின் பழைய பெருமை. நம் பாட்டன் பாட்டிமாரும் தகர டிரங்குப் பெட்டியோடுதான் கப்பலில் வந்து இறங்கினார்கள். பெட்டியை வைத்து அன்று யாரும் ஆளை மதிக்கவில்லை. உள்ளே இரண்டு மாற்றுத் துணி இருந்ததா என்பதே கவலை.

இப்போது பொருள் நம்மைத் தேடி வருகிறது. 1995-இல் கொம்முட்டர் ரயில் வந்தபின் ரவாங்கிலிருந்து கோலாலம்பூர் போய்வருவது எளிதாகிவிட்டது. சிப்பாங்கில் 2015-இலும், கெந்திங் மலையில் 2017-இலும் பெரிய நிறுவனப் பொருள்களைக் கழிவு விலையில் விற்கும் அங்காடிகள் திறக்கப்பட்டன. பாதி விலை என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், மீதிப் பாதியை நாம்தானே கொடுக்க வேண்டும் என்பது மறந்துவிடுகிறது. கைத்தொலைபேசியைத் திறந்தாலோ, "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்கிறது.

கைப்பை ஆசைக்கு எல்லை உண்டா? 2018 மே மாதத்தில் கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் போலீசார் சோதனையிட்டு, விலையுயர்ந்த கைப்பைகள் அடங்கிய 284 பெட்டிகளைத் தள்ளுவண்டிகளில் வெளியே கொண்டுவந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் பள்ளி உணவகத்திலும் அன்று அதே பேச்சுத்தான். சமையல்கார அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டீச்சர், தோள் ரெண்டுதானே?"

இனி நம் கணக்குக்கு வருவோம். 2025-இல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி போனால் 1,513 வெள்ளி. சொக்சோவுக்கும் சில வெள்ளிகள் போகும். மாதம் 26 நாள் வேலை என்றால், ஒரு நாள் கூலி ஏறத்தாழ 65 வெள்ளி. அப்படியானால் 1,300 வெள்ளிப் பை என்பது இருபது நாள் உழைப்பு. கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போது வெள்ளியைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 35 வெள்ளிக்கு ஒரு நல்ல பருத்திச் சட்டை வாங்கி, வாரம் மூன்று நாள் ஓராண்டு போட்டால் ஏறத்தாழ 150 தடவை. ஒரு தடவைக்கு 23 காசு. 1,300 வெள்ளிப் பையை மாதம் இரண்டு முறை மட்டும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போனால், ஐந்து ஆண்டில் 120 தடவை. ஒரு தடவைக்குப் பத்து வெள்ளிக்கு மேல். அதே பையை ஆண்டுக்கு 300 நாள் வீதம் நான்கு ஆண்டுகள் வேலைக்கே கொண்டுபோனால் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி எட்டுக் காசுதான். ஆகவே கணக்கு பைக்குப் பகையன்று. அலமாரியில் தூங்கும் பைக்குத்தான் பகை.

நம் ஊர்ச் சீதோஷ்ணத்தையும் மறக்கக் கூடாது. தோல்போலத் தோன்றும் செயற்கைப் பைகள் பல இந்த ஈரக் காற்றில் சில ஆண்டுகளிலேயே உரியத் தொடங்கும். உண்மைத் தோல் பூசணம் பிடிக்கும். நெகிழிப் பையில் கட்டி வைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளை அடைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வாங்கும்போது பெயரைப் பார்ப்பதற்கு முன் தையலை, வாரை, இழுவைப் பூட்டைப் பாருங்கள். பெயரை மட்டும் பொறித்த போலிப் பையோ பணத்துக்கும் கேடு, மானத்துக்கும் கேடு.

என் வீட்டில் நான் பின்பற்றும் ஒரு முறையைச் சொல்கிறேன். துணிமணிக்கென்று மாதம் 100 வெள்ளி எடுத்து மூன்று உறைகளில் போடுகிறேன். முதல் உறையில் 60 வெள்ளி: பள்ளிச் சீருடை, காலணி, வேலைச் சட்டை, உள்ளாடை ஆகிய அன்றாடத் தேவைகளுக்கு. இரண்டாவதில் 25 வெள்ளி: தீபாவளி, பொங்கல், கல்யாணத் துணிகளுக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் தெங்கு கிளானா சாலை என்று பண்டிகைக் கூட்டத்தில் போய்க் கைக்கு வந்ததை எடுப்பதற்குப் பதில் முன்கூட்டியே வாங்க இது உதவும். மூன்றாவதில் 15 வெள்ளி: ஆசைக்கு. பையோ, வாசனைத் திரவியமோ, அது உங்கள் விருப்பம். ஓராண்டில் 180 வெள்ளி சேரும். ஆசை உறை முதல் உறையிடம் கடன் கேட்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

2021 முதல் பள்ளிகளில் கறுப்புக் காலணிதான் கட்டாயம் என்பதால் வெள்ளைப் பூச்சுச் செலவு மிச்சம். 2023-இல் பெற்றோர் வருமானம் பாராமல் பிள்ளைக்கு 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி வழங்கும் திட்டமும் வந்தது. அந்தப் பணம் கைக்கு வந்த அன்றே பிள்ளையின் காலணியாகவும் சீருடையாகவும் மாறிவிட வேண்டும்.

தவணையைப் பற்றி ஒரு சொல். நம் தாய்மார் கூட்டுக் கட்டியவர்கள். அதைத் தொழிலாக நடத்தி ஏழைகளை ஏமாற்றுவோரைத் தடுக்கவே 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல்லான 'கூட்டு' இருக்கிறது! இன்று தவணை வேறு வேடத்தில் வருகிறது. இத்தகைய கடன்களை ஒழுங்குபடுத்த 2025-இல் நாடாளுமன்றம் நுகர்வோர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. கடனில் சிக்கியவர்கள் வெட்கப்படாமல் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த அந்நிறுவனத்தில் ஆலோசனை இலவசம்.

சிறு தொகையை ஏளனமாக எண்ணாதீர்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கின. கைப்பை இல்லாதவர்கள் தோட்டத்துக்கு உரிமையாளர் ஆனார்கள். "எஸ்டேட்டு ஆளு" என்று இனி யாராவது சொன்னால், இந்தக் கதையைப் பெருமையோடு சொல்லுங்கள்.

அந்தப் பெண் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. நான் செய்தது, அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் இருபது நாள் என்று எழுதிக் காட்டியது மட்டுமே. அடுத்த வாரம் பையன் புதுக் காலணியோடு சபைகூடலில் முன்வரிசையில் நின்றான். அக்காள் மிகைநேர வேலை செய்த பணத்தில் வாங்கிக் கொடுத்தாளாம். இப்போது அவள் அந்தப் பையைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோகிறாள். உள்ளே சோற்று டப்பாவும் மடக்குக் குடையும் இருக்கின்றன.

இந்த மாதச் சம்பளம் வந்ததும், எதையும் வாங்குவதற்கு முன் பிள்ளைகளின் காலணியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அடிப்பாகம் உறுதியாக இருந்தால், பிறகு தாராளமாகக் கைப்பைக் கடைக்குப் போகலாம்.