வாங்குவோர் கடமை

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நாம், கடையில் விலையையும் தரத்தையும் ஆராய்கிறோம். செய்தவர் பெற்ற கூலி யாது என வினவுவதில்லை. வினவினாலும் விடை கிடைப்பது அரிது. தாராவியில் தைக்கப்படும் தோற்பைகள் பல, செய்தவர் பெயரின்றியே இடைத்தரகர் வழியாக அங்காடியை அடைகின்றன. அத்தொழிலை அங்கு வளர்த்தோருள் திருநெல்வேலிச் சீமைத் தமிழரும் உண்டு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நமக்கு அளிக்கிறது. கூலியைப் பற்றி அவ்வுரிமை பேசவில்லை. வருவாய் குறைந்தோர் மலிவை நாடுவதும் இயல்பே.

தனியொருவர் கேள்விக்கு வணிகர் செவிசாய்ப்பது அருமை. 1975இல் இந்நகரில் தோன்றிய மும்பை கிராஹக் பஞ்சாயத்து, பல குடும்பங்கள் கூடி மொத்தமாக வாங்கும் முறையை வளர்த்தது. அவ்வாறே நம் சங்கங்களும் ஒன்றுகூடி, விலை எதனால் குறைந்தது என்று கேட்கத் தொடங்குவோமாக.