நிலக்கடலையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தாயார் கையில் ஒரு டப்பாவுடன் வந்து நின்றார். அவருடைய கணவர் ஒரகடம் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி. "ஹஜ்ரத், பிள்ளை மெலிந்துகொண்டே போகிறான் என்று இந்தப் புரத மாவை வாங்கினோம். இது ஹலால்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

டப்பாவில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். சோயா, பால்பொடி, சர்க்கரை. அருகில் பச்சை வட்டக் குறி. "தயங்க வேண்டியதில்லையம்மா" என்றேன். பிறகு விலையைப் பார்த்தேன். அந்த வீட்டின் இரண்டு நாள் கூலி அது! ஹலாலா என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அவசியமா என்னும் வினா மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

வாலாஜாபாத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்த பின்னும் நெல்லும் நிலக்கடலையும் நம் வட்டாரத்தில் விளையத்தான் செய்கின்றன. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. ஆட்டிறைச்சியில்கூட 20 கிராம் அளவே. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டும். அதையோ நாம் மாட்டுக்குப் போடுகிறோம்.

மைசூரில் நடந்த ஆய்வு

இந்தப் புரதத்தை மனிதனுக்கே தர முடியாதா என்று, 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்தது. தூய்மையாக எண்ணெய் நீக்கிய கடலை மாவு 75 பங்கு, கொண்டைக்கடலை மாவு 25 பங்கு எனக் கலந்து, உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, 'பல்நோக்கு உணவு' என ஒன்றை உருவாக்கினர். நிலக்கடலையிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைப் பாலுடன் கலந்து, 'மில்டோன்' என்னும் பானத்தையும் அந்நிலையமே வடித்தளித்தது.

கொண்டைக்கடலை எதற்கு? நிலக்கடலைப் புரதத்தில் 'லைசின்' என்னும் கூறு குறைவு. அரிசியிலும் அவ்வாறே. பருப்பு வகைகளில் அது மிகுதி. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

ஓர் எச்சரிக்கை

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் எனத் தெரியவந்தது. ஈரத்தில் கிடந்த கடலையில் படரும் ஒருவகைப் பூஞ்சணம் 'அஃப்ளடாக்சின்' என்னும் நஞ்சைச் சுரக்கிறது. அது ஈரலைத் தாக்கும், புற்றுநோயையும் விளைவிக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை.

ஆகவே சகோதரிகளே, கடலையை நன்கு காய வைத்து ஈரம் படாமல் வையுங்கள். சுருங்கியதையும், நிறம் மாறியதையும், பூஞ்சணம் பிடித்ததையும், கசப்பதையும் தயங்காது எறிந்துவிடுங்கள்.

பாசியும் பரிசோதனைக் கூடமும்

ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரையில் வாழும் கனெம்பு முஸ்லிம் பெண்கள், நீரில் படரும் ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியை வடித்து, உலர்த்தி, குழம்பிலிட்டு நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். அதன் எடையில் பாதிக்கு மேல் புரதம். சென்னைத் தரமணியிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரி அவர்களின் தலைமையில் இதனைக் கிராமத்தாரே வளர்க்கும் எளிய முறைகள் உருவாயின. புதுக்கோட்டை வட்டாரத்தில் கண்நோய்க்குக் காரணமான வைட்டமின் 'ஏ' குறைபாட்டைப் போக்கச் சிறார்க்கு இதை நாளொன்றுக்கு ஒரு கிராம் அளித்து ஆய்ந்தனர்.

இன்று விஞ்ஞானம் இன்னும் ஒரு படி சென்றுள்ளது. விலங்கின் உயிரணுவை வளர்த்துச் செய்த முதல் இறைச்சி, 2013இல் லண்டனில் சமைத்துக் காட்டப்பட்டது. 2020இல் சிங்கப்பூர் அரசு இத்தகைய கோழி இறைச்சியை விற்க அனுமதித்தது. உயிரணு ஹலாலான பிராணியினுடையதாகவும், சேரும் பொருள்கள் ஹராம் கலவாதனவாகவும் இருப்பின் உண்ணலாம் என அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றம் 2024இல் ஃபத்வா வழங்கியது.

இவை யாவும் நல்ல முயற்சிகளே. ஆயினும் நம் அடுப்பங்கரையில் ஆய்வுக்கூடத்தின் பாடம் முன்பே இருக்கிறது. ரமலானில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். அரிசியும் பாசிப்பருப்பும் ஒரே பானையில் கூடுகின்றன! முப்பது நாளோடு அதை ஏன் நிறுத்த வேண்டும்?

அந்தத் தாயாரிடம் நான் சொன்னதும் இதுவே. "பிள்ளையை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த டப்பாவுக்கு வைத்த பணத்தில் பருப்பும் முட்டையும் வாங்குங்கள். ஒவ்வாமை இல்லையென்றால் வேகவைத்த கடலை ஒரு கைப்பிடி கொடுங்கள்" என்றேன்.

மறுவாரம் சிறுவன் மதரஸாவுக்கு வந்தபோது அவன் சட்டைப்பை புடைத்திருந்தது. எனக்கும் நான்கு கடலை தந்தான்.