பெயருக்கு வால் முளைத்தது!

மனிதன் எழுதும் புரோகிராம் கம்ப்யூட்டருக்கு நேராகப் புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் "கம்பைலர்".

2015 ஏப்ரலில் "ஜி.சி.சி." என்ற கம்பைலரின் 5-வது பதிப்பு வந்தது. பெயர், முகவரி போன்ற எழுத்துத் தொடர்களைக் கம்ப்யூட்டரில் வைக்கும் முறையை அது மாற்றிவிட்டது. குற்றம் அதன் மேல் அல்ல. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 2011-ல் வந்த விதி அப்படி!

ஒரு புரோகிராம் பல துணைப் புரோகிராம்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். புரோகிராம் பழைய முறை, துணை புதிய முறை என்றால்? தேடியது அகப்படாது. புரோகிராம் திறக்கவே திறக்காது!

கணக்குப்பிள்ளை

"டெபியன்" என்பது தொண்டர்கள் நடத்தும் இலவச இயக்க முறை. அதில் புரோகிராம்கள் பொட்டலம் பொட்டலமாக வரும். எதற்கு எது துணை என்று கணக்குப் பார்ப்பது "ஆப்ட்". இந்தக் கணக்குப்பிள்ளை பெயரையும் சீட்டையும்தான் படிப்பார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார்.

ஆகவே, மாறிய துணைகளின் பெயருக்குப் பின்னால் "வி5" என்று வால் ஒட்டினார்கள். வால் உள்ளதும் இல்லாததும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று சீட்டில் எழுதினார்கள்.

2015 ஆகஸ்டில் வேலை மும்முரமாக நடந்தது. அந்தத் துணைகளை நம்பிய புரோகிராம்களை எல்லாம் மறுபடி ஆக்க வேண்டும். ஒன்று பாக்கி என்றாலும் சிக்கல்தான். "இதை ஏற்றினால் அவற்றை நீக்க வேண்டும். சம்மதமா?" என்று ஆப்ட் கேட்கும். படிக்காமல் "சரி" சொன்னால் நன்றாக ஓடிய புரோகிராம் போய்விடும்! "வேண்டாம்" என்று சில நாள் பொறுத்தால் பிழைக்கலாம்.

இத்தனை பாடும், புதியதை முதலில் இறக்கிப் பார்க்கும் பதிப்பில்தான். மற்றவர்களின் டெபியன் 8-ல் பழைய கம்பைலரே இருந்தது. வால் முளைத்த பொட்டலங்கள் 2017 ஜூனில், டெபியன் 9-உடன் அவர்களுக்கு வந்தன.