இலவச உதவிக்கும் ஒரு கையெழுத்து வேண்டும்

"இலவசமாகச் செய்கிற உதவியில் சட்டமும் கையெழுத்தும் எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அநேகர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் விஷயத்தில் மாடு நம்முடையது. வைத்தியம் மட்டுமே தானம். வைத்தியத்தில் மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பதே கேள்வி.

1990-இல் டெக்னோபார்க் தொடங்கப்பட்ட ஊர் நம் திருவனந்தபுரம். கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இல்லாத தெருவே இல்லை. பள்ளிக்கூடங்களிலும், பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட 'கைட்' நிறுவனம் 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கி, ஹார்டுவேர் பயிற்சியும் அளித்து வருகிறது. இந்தப் பிள்ளைகள் முதியவர்களின் பழுதான கம்ப்யூட்டர்களைக் காசு வாங்காமல் சரி செய்து கொடுப்பது பாராட்டுக்குரியது. இந்த நல்ல பழக்கம் மனக்கசப்பில் முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் கணவரை இழந்த மாமி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று இயங்க மறுத்தது. அடுத்த தெருப் பையன் ஒரே மாலையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். மாமி காப்பி கொடுத்து ஆசீர்வதித்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத்தான், கணவர் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதங்களையும் குடும்ப வரலாற்றுக் குறிப்புகளையும் காணோம் என்பது தெரிந்தது. "போட்டோவெல்லாம் எடுத்து வெச்சேன் மாமி. அந்த ஃபைல்லெல்லாம் ஏதோ கிறுக்கலா இருந்தது, கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றான் பையன். மாமிக்கு அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அவனோ அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டான். இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள்.

அந்தக் 'கிறுக்கல்' என்ன என்பதை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். யூனிகோட் முறை பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பல்வேறு குறியீட்டு முறைகளில் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் முறைகளும், இணையத் தமிழர்கள் வளர்த்த டிஸ்கியும் அவற்றுள் சில. அந்தந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், தமிழ் வாசகம் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, உரிய எழுத்துருவைப் போட்டாலோ யூனிகோடுக்கு மாற்றினாலோ மறுபடி படிக்கலாம். மலையாளம் மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? நம்மைப் போன்ற சங்கங்களின் பழைய அறிக்கைகளுக்கும் மலர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

அழிந்ததை மீட்க முடியாதா? பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு முடியும். அதில் ஒரு ஃபைலை அழிப்பது புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை அடிப்பது போன்றது. மேலே வேறு எதையாவது எழுதும் வரை பக்கம் அப்படியே இருக்கும். ஆகையால் தவறு தெரிந்த உடனே கம்ப்யூட்டரை நிறுத்திவிட வேண்டும். புதிய எஸ்.எஸ்.டி. வகையிலோ, அழித்த இடத்தை அதுவே விரைவில் துப்புரவாக்கிவிடும், மீட்பது அரிது. பிட்லாக்கர் பூட்டுப் போட்ட கம்ப்யூட்டரில் மீட்புச் சாவி எண் இல்லாவிட்டால் நிபுணராலும் திறக்க இயலாது.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) இலவச சேவையைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை. பழைய 1986 சட்டத்திலும் அப்படியே. எல்லோருக்கும் இலவசமாகவே செய்யப்படும் சேவை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றமும் இந்திய மருத்துவ சங்க வழக்கில் 1995-இல் கூறியது. ஆகவே தொண்டர் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போவது கடினம். கூலி வாங்கத் தொடங்கினால் கதை வேறு.

அதனால் தொண்டருக்குப் பொறுப்பே இல்லை என்று எண்ண வேண்டாம். பிறர் பொருளை ஒப்புக்கொண்டு வாங்கி வைப்பவர், விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைக் காப்பது போல் அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவு. அவ்வளவு கவனம் எடுத்தும் நஷ்டம் நேர்ந்தால், வேறு தனி ஒப்பந்தம் இல்லாத வரை அவர் பொறுப்பல்ல என்கிறது அடுத்த பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் (2000), 43-ஆம் பிரிவின்படி, சொந்தக்காரரின் அனுமதியின்றித் தகவலை அழித்தாலோ நகலெடுத்தாலோ நஷ்ட ஈடு கேட்கலாம். மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. எதற்கு அனுமதி கொடுத்தோம் என்பதே இங்கு முக்கியம். வாய்ப்பேச்சாக விட்டால் பின்னால் நிரூபிப்பது எப்படி?

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 2015-இல் பெங்களூருக்கும் வந்த 'ரிப்பேர் கஃபே' இயக்கத்தார் இதை எளிதாகத் தீர்த்திருக்கிறார்கள். பழுது பார்ப்பது இலவசம். பொருளின் சொந்தக்காரர் கூடவே உட்கார வேண்டும். நஷ்டத்துக்குத் தொண்டர் பொறுப்பல்ல என்பது அவர்களின் பொது விதி. நாமும் ஒரே தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக்கொள்ளலாம்:

1. முதலில் நகல், பிறகே வைத்தியம். நகலைத் திறந்து காட்டி, சொந்தக்காரர் "சரி" என்ற பின்னரே மேலே போக வேண்டும். டிஸ்க்கில் விபரீதமான சத்தம் வந்தால் கை வைக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

2. 'ஃபார்மட்', 'ரீசெட்' செய்வதாக இருந்தால் என்னென்ன அழியும் என்று தமிழிலோ மலையாளத்திலோ விளக்கித் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

3. படிக்க முடியாத ஃபைலைக் கெட்டது என்று ஒதுக்கக் கூடாது. பழைய எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும்.

4. பாஸ்வேர்டைச் சொந்தக்காரரே தட்டட்டும். தொண்டரிடம் உள்ள நகலை வேலை முடிந்ததும் அவர் கண்முன்னே அழிக்க வேண்டும்.

5. கவனமாகச் செய்வோம், ஆனால் உத்தரவாதம் இல்லை என்பதை எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களே, பிள்ளைகள் இந்தத் தாளை நீட்டினால் அவநம்பிக்கை என்று கருதாதீர்கள். பிள்ளைகளே, "நம்ம மாமிதானே" என்று தாள் இல்லாமல் தொடங்காதீர்கள். மாமியின் ஃபைல்கள் திரும்பி வரவில்லை. பையன் மட்டும் சென்ற மாதம் தானாகவே வந்து, கடிதங்களின் அச்சுப் பிரதி ஏதாவது அலமாரியில் இருக்கிறதா என்று மாமியோடு சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறான். அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தாளின் மாதிரி ஒன்றை நம் சங்கமே அச்சிட்டுக் கொடுப்பது பற்றி அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.